முதலாளி நடக்கவில்லை, குதிரை பழக்குகிறார்

ஆனைக்குட்டம் போகிற ரோட்டில் ஒரு கார்த்திகை மாதக் காலை. என் வீட்டுக்காரர் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. காலில் மட்டும் சர்க்கரை நோயாளிகளுக்கென்று டாக்டர் எழுதிக்கொடுத்த மெத்தைச் செருப்பு. கொஞ்சம் பின்னால் மொபெட்டில் நான், கூடையில் தண்ணீர் பாட்டிலும் துண்டுமாக.

பட்டாசுக் கம்பெனிகள் தீபாவளி விடுமுறை முடிந்து, பூஜை போட்டுத் திறந்த முதல் வாரம் அது. எங்கோ ஒரு கம்பெனியில் சாம்பிள் பார்ப்பதற்காக ஒரு சரத்தைக் கொளுத்தினார்கள். எங்கள் ஊரில் அந்தச் சத்தத்துக்கு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தொட்டிலில் கிடக்கிற பிள்ளைகூட முழிக்காது.

குதிரை நின்றது. தலையைத் தூக்கியது. இடது முன்காலைத் தூக்கி வைத்தது, வலது முன்காலைத் தூக்கி வைத்தது. பிறகு ஓரடியும் முன்னே போகாமல், நின்ற இடத்திலேயே தாளம் தப்பாமல் ஆடத் தொடங்கியது. மேலே இருந்தவரும் சேர்ந்து ஆடினார். அவருக்கு வேறு வழியில்லை.

அந்த நேரம் பார்த்துத்தானா விஸ்வநத்தத்திலிருந்து ஆள் ஏற்றி வருகிற கம்பெனி பஸ் பின்னால் வந்து நிற்க வேண்டும்? ஜன்னலுக்கு ஜன்னல் பெண்களின் தலை. ஒருத்தி குலவை போட்டாள். இன்னொருத்தி என்னைப் பார்த்து, மாப்பிள்ளை இங்கன ஆடுதாக, பொண்ணு எங்கன இருக்காக என்று விசாரித்தாள். நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்த நான், மொபெட்டில் உட்கார்ந்துகொண்டு, பொண்ணு நான்தான் என்று எப்படிச் சொல்வது? ஹாரனைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சில வாரங்களுக்கு முன் இந்தத் தொடரில் 'நாங்கள் குதிரை வைத்திருந்த வருஷம்' என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். சிவகாசியில் ஏதம்மா குதிரை, கதை விடாதீர்கள் என்று ஒரு வாசகி கோபித்துக்கொண்டார். அவருக்காக இதை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

நடந்தால் என்ன ஆகும்

எங்களுக்குச் சின்னதாக ஓர் அச்சகம். தீபாவளிக்கு முன்னால் பட்டாசு லேபிள், தீபாவளி முடிந்தால் காலண்டர். அங்கே எல்லாரும் என் வீட்டுக்காரரை 'முதலாளி' என்பார்கள். வீட்டிலும் அவர் அதையே எதிர்பார்த்ததால் நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

ஒரு சீசன் நேரத்தில் பேப்பர் கட்டு ஒன்று முதலாளியின் கால் கட்டைவிரலில் விழுந்தது. சாதாரணக் காயம்தான். ஆனால் ஆறவில்லை. ஆடியில் விழுந்த காயம் புரட்டாசியில்தான் மூடியது. விருதுநகரில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். சர்க்கரை தாறுமாறாக ஏறிக் கிடந்தது. இந்தத் தடவை ஆறிவிட்டது, அடுத்த தடவை ஆறும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை, மாத்திரை பாதி வேலைதான் செய்யும், மீதியை நடந்துதான் குறைக்கணும் என்று அவர் கறாராகச் சொன்னார்.

என் மாமனாருக்கு முழங்காலுக்குக் கீழே வலது கால் போனது இப்படி ஒரு விரலில் ஆரம்பித்துத்தான். கல்யாணமாகி வந்த புதிதில் அந்தக் காலுக்கு மருந்து வைத்துக் கட்டியவள் நான். அந்த வாடை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. இவரும் அப்படிக் கட்டிலில் கிடந்துவிடக் கூடாது என்பதைத் தவிர எனக்கு அந்த வருஷம் வேறு வேண்டுதலே கிடையாது.

முதலாளியோ நடக்க மாட்டேன் என்றார். சோம்பல் என்று நினைக்காதீர்கள். எங்கள் ஊர்க் கணக்கு வேறு. ஒரு முதலாளி ரோட்டில் நடந்து போனால் கார் போய்விட்டது என்று அர்த்தம். கார் போனால் கம்பெனி படுத்துவிட்டது என்று அர்த்தம். மறுநாளே பேப்பர்க் கடைக்காரர் லோடு அனுப்ப யோசிப்பார். உடம்புக்காக நடக்கிறேன் என்று சொன்னால் இன்னும் மோசம். முதலாளிக்குச் சீக்கு என்று தெரிந்தால் காலண்டர் ஆர்டர் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும்.

மொட்டை மாடியில் நடந்து பார்த்தார். எதிர்வீட்டுக்காரர் கூப்பிட்டு, எதும் மனக்கஷ்டமா, வாங்க பேசுவோம் என்றார். அச்சகத்துக்குள்ளேயே மிஷின்களைச் சுற்றி நடந்து பார்த்தார். முதலாளி எதையோ கண்டுபிடித்துவிட்டார் போலிருக்கிறது என்று வேலைக்காரர்கள் ஆளுக்கொரு மூலையில் ஒளிந்தார்கள். அதோடு நடை முடிந்தது.

அடுத்த முறை டாக்டரம்மாவிடம் போனபோது, குதிரை ஓட்டுவது உடற்பயிற்சியில் சேருமா என்று முதலாளி கேட்டார். அந்த அம்மா வேறொரு நோயாளியின் ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டே, நல்லதுதான் என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார் மனிதர்.

வெடித்துப் பார்த்து வாங்கியது

மதுரைக்கு அந்தப் பக்கம் ஒருவர் குதிரை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, தீபாவளி முடிந்த கையோடு கிளம்பினோம். முதலாளி காரின் டிக்கியில் ஒரு நீளமான சரவெடியை எடுத்து வைத்தார். எதுக்குங்க என்றேன். நம்ம ஊர்ல இருக்கப்போற குதிரை, சத்தத்துக்குப் பயந்தா ஆளைக் குப்புறத் தள்ளிரும்ல என்றார். நியாயமாகத்தான் பட்டது.

கத்திரிக்காய் வாங்குகிறவர்கள் காம்பைப் பார்ப்பார்கள், மாடு வாங்குகிறவர்கள் சுழியைப் பார்ப்பார்கள். எங்கள் ஆட்களுக்கு எதையும் வெடித்துப் பார்த்தால்தான் மனசு ஆறும்.

பொன்னிறத்தில் ஒரு பெண்குதிரை. பவுனு என்று பெயர். அதன் முன்னால் சரத்தை விரித்துக் கொளுத்தினார். பக்கத்தில் கட்டியிருந்த மற்ற குதிரைகள் கயிற்றை அறுக்காத குறை. பவுனு மட்டும் கண்ணைக்கூட இமைக்கவில்லை. லேசாகக் காலை மாற்றி மாற்றி வைத்தது, அவ்வளவுதான். இதுதான் குதிரை என்றார் முதலாளி. விற்றவர் எதுவும் பேசவில்லை. நாங்களும் எதுவும் கேட்கவில்லை.

ஆனைக்குட்டத்தில் முதலாளியின் அண்ணனுக்குத் தோட்டம். எனக்கு அவர் மச்சான் முறை. விவசாயி, வார்த்தைக்கு வார்த்தை குடும்ப மானம் பார்க்கிறவர். தம்பி குதிரை வாங்கியது மானத்தோடு ஒத்துப்போனதால் மாட்டுக் கொட்டகையில் சந்தோஷமாக இடம் கொடுத்தார்.

முதல் சில வாரம் பவுனு தங்கமாக நடந்தது. தீபாவளி முடிந்து கம்பெனிகள் பூட்டிக் கிடக்கிற நேரம், ஊரே சத்தமில்லாமல் இருக்கும் என்பது எங்களுக்கு உறைக்கவில்லை. கம்பெனிகள் திறந்தன. மீதியைத்தான் மேலே சொல்லிவிட்டேனே.

பாரம்

அன்று பஸ் போன பிறகு குதிரை விற்றவருக்குப் போன் போட்டோம். அவர் நிதானமாகப் பதில் சொன்னார்.

"கல்யாண ஊர்வலத்துக்குப் பழக்குன குதிரைங்க. வேட்டுச் சத்தம் கேட்டா நின்னு ஆடும். ஆள் முன்னால கயித்தப் பிடிச்சு நடந்தாத்தான் நகரும். நீங்கதான வெடிச்சுப் பாத்து, இதுதான் வேணும்னு வாங்குனீங்க?"

அன்றிலிருந்து எங்கள் ஏற்பாடு இப்படி ஆனது. முதலாளி குதிரை மேல் இருப்பார். வெடிச்சத்தம் கேட்டதும் நான் மொபெட்டை ஓரங்கட்டிவிட்டு, கயிற்றைப் பிடித்துக் கொஞ்ச தூரம் நடந்து, பிறகு ஓடி வந்து மொபெட்டை எடுப்பேன். எங்கள் வட்டாரத்தில் வெடிச்சத்தத்துக்குப் பஞ்சமா? தை முடிவதற்குள் எனக்கு இடுப்புச் சுற்றளவு குறைந்து, ஜாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. முதலாளிக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை இறங்கவே இல்லை. காலில் மதமதப்பு என்று வேறு சொல்ல ஆரம்பித்தார்.

அப்படிச் சொன்ன மறுநாள் காலை கொட்டகையில் வைத்து, இன்றைக்கு நான் ஏறுகிறேன், நீங்கள் கயிற்றைப் பிடியுங்கள் என்றேன். முறைத்தார். பொம்பளை குதிரையில், ஆம்பளை கீழே, பார்க்கிறவன் காறித் துப்ப மாட்டானா என்றார்.

"மாமாவுக்குக் கட்டுப் போட்டவ நான். நீங்க பக்கத்துல வரவே இல்ல, வாசல்லயே நின்னுட்டுப் போயிருவீக. ஒங்களுக்கும் என்னால கட்டுப் போட முடியாது. கால் இருக்கையிலயே நடந்துருங்க."

அவர் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு கயிற்றைக் கையில் எடுத்தார்.

வழியில் முதலில் எதிர்ப்பட்டவர் அட்டைப்பெட்டி வியாபாரி ஒருவர். என்ன முதலாளி, நடந்து வாறீக என்று கேட்டார். நடக்கலை, குதிரை பழக்குறேன் என்றார் இவர், சட்டென்று. மேலே உட்கார்ந்திருந்த என்னை வியாபாரி பார்த்தார். பாரம் ஏத்தாமப் பழக முடியாதுல்ல, அதான் வீட்ல கூட்டியாந்தேன் என்றார். வியாபாரி மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து ஊருக்கே அதுதான் பதில். தனியாக நடக்கிற முதலாளி நொடித்துப்போனவர். குதிரையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற முதலாளி பெரும் பணக்காரர். அந்தப் பங்குனியில் வழக்கத்தைவிட இரண்டு கம்பெனிகள் கூடுதலாக லேபிள் ஆர்டர் கொடுத்தன. நான் பாரம். பாரத்துக்கு யாரும் மரியாதைக் குறைவு செய்யவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், அந்த மாதிரி ஒரு காலம் எனக்கு அதற்கு முன்பும் வாய்த்ததில்லை, பின்பும் வாய்த்ததில்லை. பள்ளிக்கூட நாளில் இருக்கன்குடிப் பொங்கலுக்குப் போனபோது ராட்டினத்தில் மரக்குதிரை மேல் ஏறி உட்கார்ந்தேன். அது சுற்றத் தொடங்குவதற்குள், சமைஞ்ச பிள்ளைக்கு இது என்ன என்று எங்கள் அப்பா இறக்கிவிட்டார். ஏற வேண்டும் என்ற ஆசை அப்போதே செத்துவிட்டது என்றுதான் இருந்தேன். அது சாகவில்லை, சும்மா படுத்துக் கிடந்திருக்கிறது.

சிவகாசியில் வாங்கினால் தெரிந்துவிடும் என்று விருதுநகருக்குப் போய் இரண்டு சுடிதார் வாங்கினேன். கரிசல் காட்டு ஒற்றையடிப் பாதையிலும், தண்ணீரே ஓடாத ஆற்று மணலிலும், சீமைக்கருவேல முள்ளுக்குள்ளும் போனோம். மயில்கள் எங்களைப் பார்த்து ஓடாத அளவுக்குப் பழகிவிட்டன. ஒருநாள் கோடைமழை பிடித்து, ஒதுங்க ஓர் இடமில்லாமல் மூன்று பேரும் தொப்பலாக நனைந்தோம். கரிசல் சேறு முதலாளியின் செருப்பைப் பிடுங்கிக்கொண்டது. அவர் குனிந்து சேற்றில் துழாவிக்கொண்டிருந்தபோது, நான் மேலே இருந்து சிரித்த சிரிப்பில் குதிரையே திரும்பிப் பார்த்தது.

இன்னொரு பொறுப்பும் என்னிடம் இருந்தது. ஆர்டர் கொடுக்கிற பார்ட்டிகள் கொண்டுவந்து தருகிற பால்கோவாவும் கருப்பட்டி மிட்டாயும் அவர் கண்ணில் பட்டால் அதன் மேல் கை போய்விடும். அதனால் உடனுக்குடன் நானே தின்று தீர்த்தேன். அதைத் தியாகம் என்றுதான் நினைத்தேன்.

இருக்கன்குடி

ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குக் குதிரையோடு போவது என்று முடிவு செய்தோம். முதலாளி முழுத்தூரமும் நடந்தே வந்தார். ரோடு நிறைய மஞ்சள் சேலைக் கூட்டம். அதில் அவரும் ஒருவராக நடந்தபோது யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. இதைப் பல வருஷத்துக்கு முன்பே செய்திருக்கலாம் போல என்றார்.

கோயிலை நெருங்கும்போது ஒரு குடும்பம் நேர்ச்சைக்கு வெடி போட்டது. பவுனு நின்று ஆடத் தொடங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள். ஒரு ஆச்சி ஓடி வந்து குதிரையின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். யாரோ என் மடியில் வேப்பிலையை வைத்துவிட்டு, என் மகளுக்குப் பிள்ளை வரம் சொல்லு தாயி என்று கும்பிட்டார். கல்யாண ஊர்வலக் குதிரை என்று சொல்லவா முடியும்? நல்லது நடக்கும் என்றேன். வேறு என்ன சொல்ல?

அந்தக் கூட்டத்தில்தான் மச்சான் நின்றுகொண்டிருந்தார். காலையில் அவர் தோட்டத்துக்கு வருவதற்குள் நாங்கள் போய்த் திரும்பிவிடுவோம் என்பதால், தம்பி கீழே, தம்பி பெண்டாட்டி மேலே என்பதை அவர் அன்றைக்குத்தான் நேரில் பார்க்கிறார். பழக்குகிற கதையெல்லாம் அவரிடம் எடுபடவில்லை. எங்களை ஓரமாக ஒரு வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார்.

"ஏலே, பொண்டாட்டிக்குக் குதிரைக்காரனா போயிட்டயா நீயி? நம்ம அய்யா இருந்தா ஒன்ன வெட்டிப் போட்டிருப்பாரு."

நான் இறங்கப் போனேன். முதலாளி கையைக் காட்டி இருக்கச் சொன்னார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை முழங்கால் வரைக்கும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கால் முழுக்க ரோட்டுப் புழுதி.

"அண்ணே, ரெண்டு காலும் இருக்கு பாரு. அய்யாவுக்குக் கடைசியில ஒண்ணுதான் இருந்துச்சு."

மச்சான் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மானம் பேசுகிற அந்த மனிதரின் முகம் கோணிக்கொண்டு வந்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அய்யாவையும் யாராச்சும் நடக்க வச்சிருக்கலாமேடா" என்றார்.

திரும்பி வரும்போது கயிற்றை அண்ணனும் தம்பியும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். நான் மேலே உட்கார்ந்து, யாரும் பார்க்காமல் அழுதுகொண்டே வந்தேன்.

டாக்டரம்மா கேட்ட கேள்வி

அடுத்த தீபாவளி நெருங்குகிற சமயம் விருதுநகருக்குப் போனோம். முதலாளியின் சர்க்கரை கட்டுக்குள் வந்திருந்தது. டாக்டரம்மா காலை அழுத்திப் பார்த்து, ஊசி குத்திப் பார்த்து, அருமை என்றார். எல்லாம் குதிரை ஓட்டியதால்தான் என்று முதலாளி நெஞ்சை நிமிர்த்தினார். எனக்கு அந்த நாற்காலியிலிருந்து எழுந்து குலவை போட வேண்டும் போலிருந்தது. ஒரு வருஷத்து வேண்டுதல் நிறைவேறிவிட்டது.

வந்ததுதான் வந்தீங்க, உங்களுக்கும் பார்த்துடுவோம் என்று டாக்டரம்மா என் விரலைக் குத்தினார். கருவியைப் பார்த்தார். இன்னொரு விரலைக் குத்தினார். முதலாளிக்கு முதன்முதலில் இருந்த அளவைவிட எனக்குக் கூடுதலாக இருந்தது.

என்ன உடற்பயிற்சி செய்கிறீர்கள் என்று கேட்டார். தினமும் காலையில் குதிரையில் போகிறேன் என்றேன். குதிரை ஓடுமா என்றார். இல்லை, இவர் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு வருவார், நான் மேலே உட்கார்ந்திருப்பேன் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"குதிரைக்கும் உங்க வீட்டுக்காரருக்கும் உடம்பு நல்லா இருக்கும்மா. நீங்க எப்ப நடக்கப் போறீங்க?"

மேலே உட்கார்ந்திருந்த அத்தனை மாதமும் நான் செய்தது உடற்பயிற்சி இல்லை, வெறும் சந்தோஷம்தான் என்பதை ஒரு சொட்டு ரத்தம் காட்டிக்கொடுத்துவிட்டது.

காரில் வரும்போது முதலாளி கேலி பண்ணுவார் என்று காத்திருந்தேன். பண்ணவில்லை. தன் கட்டைவிரல் ஆறாமல் கிடந்த நாளில்கூட அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் நான் கொட்டகைக்குப் போனபோது அவர் எனக்கு முன்னால் அங்கே நின்றார். பவுனு மேல் சேணம் இல்லை. வா, மூணு பேரும் நடப்போம் என்றார்.

எனக்குப் பெரிய ஏமாற்றமாகப் போய்விட்டது. வியாதிக்காக இல்லை. குதிரை மேல் இருந்தால், கொட்டகையை ஒட்டிப் போகிற கண்மாய்க் கரைக்கு அந்தப் பக்கம் கிடக்கிற தண்ணீர் முழுக்கத் தெரியும். கீழே நடக்கிறவர்களுக்கு வெறும் கரைதான் தெரியும். அதைச் சொன்னேன். சின்னப் பிள்ளை மாதிரி இருக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

"கரை மேல ஏறிட்டா அம்புட்டும் தெரியுமே" என்றார்.

செங்குத்தாக இருக்குமே என்றேன். அதுக்குத்தானே டாக்டர் சொன்னாக என்று முன்னால் ஏறினார், குதிரையும் அவர் பின்னால் ஏறியது. பாதி ஏற்றத்தில் எனக்கு மூச்சு முட்டி, அங்கேயே நின்றுவிட்டேன். அவர் இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணப் பந்தலுக்கு வெளியே, நாலு பேர் போகிற வருகிற இடத்தில் அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. கீழே ரோட்டில் ஆட்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள்.

கையை விடுங்க, கேட்டா என்ன சொல்லுவீக என்றேன்.

"நடக்கேன்னு சொல்லுவேன்" என்றார்.